குழந்தைக்கு என்ன வயது என்று கேட்ட கம்பெனி

பாப்பாவுக்கு,

அடுத்த அறையில் இருக்கிற பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை. நேரில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே என் குரல் ஏறிவிடுகிறது, நீ எழுந்து போய்விடுகிறாய். "எழுதிக் குடுங்க. எழுத்துல கத்த முடியாது" என்றாள் உன் அம்மா. கத்த முடியும் என்றுதான் நினைக்கிறேன், பார்ப்போம். இதில் ஒளிக்கிற விஷயம் ஒன்றும் இல்லை. உன் அம்மா படிக்கட்டும், அஸ்தினாபுரத்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் படிக்கட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண அலைகிற வேறு எந்த அப்பன் வேண்டுமானாலும் படிக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நடந்ததை முதலில் நேராக வைத்துக்கொள்வோம். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் பழம் வாங்கிக்கொண்டு அஸ்தினாபுரம் போனீர்கள். சொல்லாமல் போனீர்கள். கதவு திறந்திருந்தது. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவையே கவனித்துக்கொள்கிற மாப்பிள்ளை, லுங்கியும் பனியனுமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டி.வி.யில் வீடியோ கேமில் ஓடுகிற ஒரு யானைக்குட்டியிடம் "குதிடா, குதிடா கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். குடை பிடித்த நீல யானைக்குட்டி. உங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "வாங்க அத்தை, உக்காருங்க. ஒரே நிமிஷம். இங்க விட்டா மறுபடியும் முதல்லேர்ந்து வரணும்" என்றார். அப்புறம் உன்னைப் பார்த்து, "நீங்க சின்ன வயசுல இதை விடாம ஆடுவீங்களாமே, உங்க அத்தை சொன்னாங்க. வாங்க, இன்னொரு ரிமோட் இருக்கு" என்றார்.

நீ அந்த விளையாட்டை ஆயுளில் தொட்டது கிடையாது. வாசற்படியிலேயே நின்றாய். அப்போதுதான் உன் அம்மா, கையில் பழப்பையோடு, டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னாள்: "அங்க குதிக்காதீங்க மாப்பிள்ளை. குடையை விரிச்சு மெதுவா இறங்கணும்." யானை இறங்கியது. மாப்பிள்ளை அசந்துபோய், "அத்தை, இதுக்கு மேல நீங்களே ஆடுங்க" என்று ரிமோட்டை நீட்டினார். உன் அம்மா கையைக்கூட நீட்டிவிட்டாள். நீ முறைத்த முறைப்பில் இழுத்துக்கொண்டாளாம். இதை அவள் சொல்லவில்லை. நீதான் கோபத்தில் என்னிடம் சொன்னாய்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்பா. அவருக்குக் குழந்தைப் புத்தி" என்றாய். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு அதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்றும் கேட்டாய். அவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. அவள் சொல்லாத பதில் எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நீ கல்யாணத்தை நிறுத்தினாலும் தப்பு, நடத்தினாலும் தப்பு.

எண்பதுகளின் கடைசியில் நான் அந்த யானைக் கம்பெனியின் தாம்பரம் சர்வீஸ் சென்டரில் இருந்தேன் என்பது உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, டி.வி. ரிப்பேர் அனுபவம், கொஞ்சம் திமிர், இவ்வளவுதான் என் தகுதி. கம்பெனிக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் ஊரில் எல்லோரும் யானைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். அவர்கள் விற்றது டி.வி.யில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. கையில் பிடித்து அமுக்குகிற பகுதியை, அதில் வயர் தொங்கினாலும், ஜனங்கள் ரிமோட் என்பார்கள். முதலில் நான் ஒவ்வொருவரையும் திருத்திப் பார்த்தேன், அப்புறம் நானும் ரிமோட் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்குத் தன் நல்ல பெயரைப் பற்றி அப்படி ஒரு கவனம். விளையாட்டில் துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது, யாரும் சாக மாட்டார்கள். யானைக்குட்டி போய் ஒரு எதிரியின் தலையில் குதித்தால், அந்த எதிரி ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி அட்டையில் இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும், பின்னால் அம்மா பால் டம்ளரோடு நிற்பாள். அப்பா படம்கூட இருக்கக் கூடாது. கடையில் யார் வந்து நின்றாலும் விற்பனையாள் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கம்பெனியே சொல்லிக்கொடுத்திருந்தது: "குழந்தைக்கு என்ன வயசு?" சர்வீஸ் கவுண்டரில் நானும் அதையேதான் கேட்க வேண்டும். கேட்டேன். ஆறு என்பார்கள், ஏழு என்பார்கள். சொல்கிற வயதையெல்லாம் கடைக்காரர்கள் மேலிடத்துக்குச் சொல்ல, மேலிடத்தில் உட்கார்ந்திருந்த புத்திசாலிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடுவது அத்தனையும் சின்னக் கை, அதனால் ரிமோட்டையும் சின்னதாக்கு. அடுத்த தீபாவளிக்கு வந்த புது ரிமோட் குளியல் சோப்பு அளவுதான் இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பொங்கலுக்குள் என் மேஜைக்குப் பின்னால் அவை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புகார். குதிப்பதற்கு அமுக்கினால் குடையும் சேர்ந்து விரிகிறது, யானை பள்ளத்தில் விழுகிறது. நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பட்டனுக்கு அடியில் இருக்கிற ரப்பர் சரி, தகடு சரி, பற்றவைத்த சால்டர் சரி. மேஜையில் மல்லாக்க வைத்து ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி மீட்டரில் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன், மறுபடி வந்தது. பைபாஸ் பக்கம் லாரி பட்டறை வைத்திருந்த ஒருத்தர், "இன்னா சார், ரிப்பேர் பண்ணேன்ற, அதே மாரிதான் கீது. புள்ள அழுதுகினு கீது, வூட்ல ஒரே பேஜார்" என்றார். "பிள்ளையை ஒழுங்கா அமுக்கச் சொல்லுங்க" என்றேன். நான் வாடிக்கையாளரிடம் பேசுகிற அழகு அப்படி.

அப்புறம் அந்த ஹெட்மாஸ்டர் வந்தார். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அவர் வராந்தாவில் நடந்தால் வகுப்புகளில் சத்தம் அடங்கும் என்பார்கள். பேரனுடைய ரிமோட் என்று சொல்லி ஏற்கெனவே வந்து போனவர். மறுபடியும் அதே ரிமோட்டைக் கவுண்டரில் வைத்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், அடுத்த தடவை பேரனைக் கூட்டிட்டு வாங்க. அவன் எப்படி அமுக்கறான்னு பாத்தாத்தான் என்ன கோளாறுன்னு தெரியும்" என்றேன். அவர் கவுண்டரில் நின்ற மற்றவர்கள் போகிற வரைக்கும் ஓரமாக நின்றார். கடை காலியானதும் உள்ளே வந்து என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "டி.வி.யைப் போடுங்க தம்பி" என்றார்.

பாப்பா, நான் அந்தப் பெட்டியைத் தினமும் சோதிக்கிறவன். இரண்டாவது கட்டத்துக்கு மேல் நான் போனது கிடையாது. அவர் காற்றாலை, பனிமலை, மேகங்களுக்கு மேலே ஒரு ரயில் என்று போய்க்கொண்டே இருந்தார். அப்படி ஒரு ரயில் அதற்குள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதுகு நிமிர்ந்தபடி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆடினார். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பேரன்கிட்ட கத்துக்கிட்டீங்களா சார்?" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எனக்குக் கல்யாணமே ஆகலை தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதோ, இந்த இடம்தான். பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனையும் மூடியிருந்தது. யானை விழுந்தது.

ரிமோட்டில் கோளாறே இல்லை. ஏழு வயதுக் கைக்குச் செய்ததை ஐம்பது வயதுக் கை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நானோ ஆடுகிறவன் கட்டைவிரலால் அமுக்குவான் என்றுகூட யோசிக்காமல் ஆள்காட்டி விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் போனதும் மூட்டையைக் கொட்டி மறுபடி எல்லாவற்றையும் திறந்தேன். இந்த முறை தகட்டைப் பார்க்கவில்லை, இடுக்கில் இருந்த அழுக்கைப் பார்த்தேன். ஒன்றில் லாரி கிரீஸ். பிள்ளை அழுகிறது என்றாரே, அவருடையது. ஒன்றில் மூக்குப்பொடி. ஒன்றில் விபூதி, ஒன்றில் சாக்பீஸ் தூள், ஒன்றில் சிகரெட் சாம்பல். பிஸ்கட் தூளே இல்லை என்று சொன்னால் அது மிகை. இருந்தது, ஆனால் தேட வேண்டியிருந்தது. இத்தனை பேரும் என் எதிரில் நின்று, என் முகத்தைப் பார்த்து, ஆடாத குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் வயது சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு கம்பெனி அச்சு வார்த்து சாமானே செய்துவிட்டது.

இதை அப்படியே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் கட்டைவிரலை விரித்துப் பார்த்துக்கொண்டார். அவரும் ஆடுவாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "அப்ப விளம்பரத்துல பெரியவங்களையும் போட்டுடலாம் சார், உண்மை அதுதானே?" என்றேன். "உனக்கு மெஷின் தெரியும்பா, மனுஷன் தெரியலை" என்றார். "பெரியவங்க வாங்கறதே குழந்தைக்குன்னு சொல்ல முடியறதாலதான். அந்த யானைக்குட்டியை எடுத்துட்டு மீசை வெச்ச ஆளைப் போட்டுப் பாரு. ஒருத்தன் கடைக்குள்ள வர மாட்டான்." கொஞ்ச நாளில் பழைய பெரிய ரிமோட்டே திரும்பி வந்தது. அட்டையில் அதே சிரிக்கிற குழந்தைகள். கீழே ஒரு வரி மட்டும் புதிது: வளரும் குழந்தைகளுக்கு.

நான் இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஹெட்மாஸ்டர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து காட்டினேன். அந்த வயதில் யானைக்குட்டியோடு என்ன விளையாட்டு, வெட்கமாக இருக்காதா என்று கேட்டேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

நம் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது, ஊழியர்களுக்குக் கொடுத்தது. "பாப்பா ரிமோட்டை ஒரு வழி பண்றா" என்று அம்மா சொல்ல, நான் அடிக்கடி ரப்பர் மாற்றிக் கொண்டுவருவேன். அந்த வாரமும் ஒன்றைச் சென்டருக்கு எடுத்துப்போய்த் திறந்தேன். பட்டனுக்கு அடியில் மஞ்சள். சமையல் மஞ்சள், மாவோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. அடுப்புப் பக்கமே உன்னை விட மாட்டாள். நான் ரிமோட்டை மூடக்கூட இல்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி வீட்டுக்கு வந்தேன்.

கேட்டிலேயே அந்தப் பாட்டு கேட்டது, யானை மேகத்தின் மேல் போகும்போது வருகிற பாட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், பக்கத்தில் பாதி நறுக்கிய அவரைக்காய். உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் காதில் விழவில்லை. ஹெட்மாஸ்டர் விழுந்தாரே, அந்த இடத்தில் அவள் விழவில்லை. குடையை விரித்து மெதுவாக இறங்கினாள். இறங்கியதும் தனக்குத் தானே ஒரு சிரிப்பு சிரித்தாள். எனக்கு அவளோடு கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஒரு நொடியில் ரிமோட்டைத் தள்ளிவிட்டு, "பாப்பா ஆடிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டா" என்றாள்.

"பாப்பா ஸ்கூல்ல இருக்கா" என்றேன்.

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பின்னாலேயே போய், "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் என்ன சொல்லப் போறேன். ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அந்த ஹெட்மாஸ்டர் உங்களை என்னங்க பண்ணார்? நேத்துகூட அவர் மாதிரி உக்காந்து காட்டினீங்க" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. அந்த அதிர்ச்சி இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை. ஊரில் யார் யாரோ வெட்கப்பட்டு ஒளித்ததைக் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிச் சிரித்தவன் நான். என் வீட்டில், என் மனைவி, அவளுக்குப் பிடித்த ஒன்றை என் வாய்க்குப் பயந்து தன் குழந்தையின் பெயரில் ஒளித்துவைத்திருந்தாள். என் தங்கையிடமும், அதான் உன் அத்தையிடமும், அப்படியே சொல்லிவைத்தாள். அத்தை ஊரெல்லாம் சொன்னாள். நீ தொடாத விளையாட்டில் உனக்குப் பைத்தியம் என்ற பெயர் அஸ்தினாபுரம் வரைக்கும் போனது அப்படித்தான். மாப்பிள்ளை உன்னைக் கிண்டல் செய்யவில்லை. தனக்குக் கூட்டாளி கிடைத்தாள் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்த மத்தியானத்துக்கு அப்புறம் உன் அம்மா ஆடவே இல்லை. "ஆடு, நான் ஒண்ணும் சொல்லலை" என்று நானும் அதட்டிப் பார்த்தேன். அதட்டினால் யாராவது ஆடுவார்களா? கொஞ்ச நாளில் பெட்டியை அவளே யாருக்கோ கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேற்று மனிதர் வீட்டுக் கூடத்தில் அவள் வாய் திறந்திருக்கிறாள். அதுவும் அவளைப் பார்த்துச் சிரிக்காமல், இந்தாங்க ஆடுங்க என்று ஒருவர் சொல்கிற இடத்தில்.

உடனே நான் மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. பெரியவர்கள் வந்து நிற்கும்போது எழுந்திருக்காதது மரியாதைக் குறைவு, அதை நீ அவரிடமே கேட்கலாம். உள்ளே காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஆட உட்கார்ந்தாரா, கொடுக்காமல் உட்கார்ந்தாரா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, நீ யானையைத்தான் பார்த்தாய். வேலையை விட்டுவிட்டு ஆடுகிறாரா, வேலை முடிந்து ஆடுகிறாரா, அதையும் விசாரி. ஆனால் யானைக்குட்டியோடு ஆடுவதாலேயே ஒருவருக்குக் குழந்தைப் புத்தி என்று முடிவு கட்டாதே. என் கவுண்டருக்கு வந்தவர்கள் பிள்ளை குட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பெரியவர்களாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் சொல்லத்தான் அவர்களுக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. உன் மாப்பிள்ளை நீங்கள் வந்து நின்றபோது பக்கத்து வீட்டுப் பையனுடையது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருவரோடு குடும்பம் நடத்தலாமா என்று பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. உனக்குப் பிடித்த ஒன்றை, அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும், அவர் வருகிற சத்தம் கேட்டால் மறைத்து வைப்பாயா, வைக்க மாட்டாயா? மறைப்பாய் என்று தோன்றினால் அவர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் வேண்டாம். என் வீட்டில் ஒருத்தி மறைத்தாள். உன் வீட்டில் நீ அப்படி இருக்கக் கூடாது.

இதை வெளியிலிருந்து நான் அளந்து சொல்ல முடியாது. அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் அம்மாவும் இருக்க மாட்டோம், கோவளம் போகிறோம். உன் அம்மா அரண்டுபோய்விட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டா? அக்கம்பக்கத்துல என்னங்க சொல்லுவாங்க?" என்றாள். சொல்லட்டும் என்றேன். நீ அவரிடம் என்ன வேண்டுமானாலும் கேள், சண்டை போடு, அவர் கேட்கிறதுக்கும் உண்மையைச் சொல். அந்தப் பெட்டியை நீ தொட்டதே இல்லை என்பதையும் சொல். யார் ஆடியது என்று அவர் கேட்டால் அம்மாதான் என்று சொல்லலாம். அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

வேண்டாம் என்று தோன்றினால் அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிவிடு. சொந்தக்காரர்களையும் மண்டபத்துக்காரரையும் நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேண்டும் என்று தோன்றினாலும் முதலில் அவரிடம் சொல், எங்களுக்கு அப்புறம் தெரிந்தால் போதும். நாங்கள் கடைசி பஸ்ஸில்தான் வருவோம். உன் அம்மா அங்கே எவ்வளவு நச்சரித்தாலும் அதற்கு முன்னால் வர மாட்டோம்.

அப்பா